அக்கரைச் சீமையின் அழைப்பு

மழை ஓய்ந்த ஒரு காலைப் பொழுதிலே கலவானவில் நின்று சுற்றுமுற்றும் நோக்குவோர்க்குப் பச்சை நிறத்தில் இத்தனை வகை உண்டா என்ற வியப்புத் தோன்றாமற் போகாது. கொழுந்து துளிர்த்த தேயிலை ஒரு பச்சை; சரிவுகளில் அணிவகுத்த இறப்பர் மரங்கள் வேறொரு பச்சை; அப்பால் சிங்கராஜ வனமோ கரும்பச்சை. ஆண்டுதோறும் 2,500 மில்லிமீற்றருக்கு மேல் மழை கொட்டும் இவ்வனம் 1988ஆம் ஆண்டில் உலக மரபுரிமைச் சொத்தாக ஏற்கப்பட்டது. பனி நாடுகளிலிருந்து வந்து இதனைக் காண்போருட் சிலருக்கு, "இங்கேயே குடியேறிவிட்டால் என்ன?" என்ற எண்ணம் எழுமானால் அது இயல்பே.

ஆனால் அவ்வெண்ணத்துக்கு நம் குடும்பங்களிலே நெடிய வரலாறு ஒன்று உண்டு.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியிற் கோப்பித் தோட்டங்கள் தோன்றியது முதல், திருச்சிராப்பள்ளி, சேலம், மதுரை, தஞ்சாவூர், இராமநாதபுரம், புதுக்கோட்டைப் பகுதிகளிலிருந்து நம் முன்னோர் இலங்கைக்கு வரலாயினர். 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தை வாட்டிய பெரும் பஞ்சம் போன்ற கொடுமைகள் அவர்களைப் பின்னின்று தள்ளின. கங்காணியின் சொல் முன்னின்று இழுத்தது. தேயிலைத் தூரைத் தோண்டினால் தேங்காயும் மாசியும் கிடைக்கும் என்று ஆள் கட்டினார்கள் என்பது இன்றும் தோட்டங்களிலே வழங்கும் செவிவழிக் கதை. இன்று நாம் அதைக் கேட்டுச் சிரிக்கிறோம். வெடித்த வயலையும் வெறும் பானையையும் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் அதை நம்பியதிலே நகைப்பதற்கு என்ன இருக்கிறது?

கங்காணி சொன்னதில் ஒரு பகுதி மெய்யே. மண் செழிப்பானது, மழை பொய்க்கவில்லை. அமேசன் காடுகளின் வித்திலிருந்து, இங்கிலாந்தின் கியூ தோட்டம் வழியாக 1876இல் ஹெனரத்கொடைக்கு வந்த இறப்பர்க் கன்றுகள் கூட இங்கு வேர்விட்டுத் தழைத்தன. மரம் வேரூன்ற மண்ணும் மழையும் போதும். மனிதனுக்கோ அவை மட்டும் போதுமானவையல்ல.

படகிலேறிக் கடல் கடந்து, மன்னாரிலிருந்து காட்டு வழியே நடந்தவர்களிற் பலர் நோயாலும் பசியாலும் வழியிலேயே மாண்டனர். தப்பி வந்தவரோ, முதல் நாட் பெரட்டுக்கு நிற்கும்போதே கடனாளியாக நின்றார். வழிச்செலவும், அரிசியும், கம்பளியும் அவர் பெயரிலே பற்று எழுதப்பட்டிருந்தன. கடன் தீர்ந்தால் இன்னாரை விடுவிக்கலாம் என்று தோட்டத்துரை எழுதிக் கொடுக்கும் சீட்டுக்குத் 'துண்டு' என்று பெயர். அத்துண்டின்றி வேறு தோட்டத்தில் வேலை கிடையாது. 1921இல் தான் சட்டம் இம்முறையை ஒழித்தது.

கடன் ஒழிந்த பின்னும் உரிமை வந்துவிடவில்லை. 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டத்தால் மலையகத் தமிழரிற் பெரும்பாலோர் நாடற்றோராயினர். 1964இன் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் எனப் பிரித்தது. எஞ்சிய 1,50,000 பேரை 1974இன் ஒப்பந்தம் சரிபாதியாக்கியது. உடன்பிறந்தோர் கரைக்கொருவராயினர். இங்கே எஞ்சியிருந்த நாடற்றோர்க்கு 2003ஆம் ஆண்டின் சட்டம் குடியுரிமை வழங்கியது. மழையும் மண்ணும் வந்த நாளிலேயே கிடைத்தன. உரிமைக்கோ பல தலைமுறைகள் காத்திருக்க வேண்டியதாயிற்று.

இப்பழங்கதையை இன்று ஏன் எடுத்துரைக்கிறோம்? இன்றும் நம் லயன்களிலே அக்கரைப் பேச்சு ஓயவில்லை. பிள்ளையைப் பாட்டியிடம் விட்டுத் தாய் வளைகுடா நாட்டுக்குப் புறப்படுகிறாள். படித்த இளைஞன் மாலைதீவின் உல்லாச விடுதிகளை நினைத்துக் கனாக் காண்கிறான். அன்று தேயிலைத் தூரில் தேடிய மாசியை, இன்று மாசி பிறக்கும் தீவுக்கே சென்று தேடப் போகிறான் போலும்!

போகவேண்டாமென்று நாம் சொல்லவில்லை. கடல் கடந்து பொருள் தேடுவது தமிழனுக்குப் புதிதன்று. அந்நாட்டின் அழகை விசாரிப்பதற்கு முன் வேறு சிலவற்றை விசாரித்தறிய வேண்டும் என்பதே நம் வேண்டுகோள். வழிச்செலவு யார் கணக்கில் எழுதப்படுகிறது? ஒப்பந்தம் நமக்கு விளங்கும் மொழியில் நம் கையில் உண்டா? கடவுச்சீட்டை யார் வைத்திருப்பார்? நினைத்தபோது திரும்பி வர இயலுமா? அனுப்பிவைக்கும் முகவருக்கு அனுமதிப்பத்திரம் உண்டா என்பதை இலங்கை வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தில் விசாரித்து, அங்கே பதிவும் செய்துகொள்ளலாம்.

இக்கரைக்கு அக்கரை பச்சை என்பது பழமொழி. அக்கரை மெய்யாகவே பச்சையாக இருக்கலாம். அப்பச்சையில் நமக்குரிய பங்கு எதுவென்று கேட்கும் வாய்ப்பு நம் பாட்டனாருக்கு இருக்கவில்லை. எழுத்தறிந்த பேரப்பிள்ளைகள், கையொப்பமிடுவதற்கு முன் அவருக்கும் சேர்த்துக் கேட்பார்களாக.