முதலில் காசை நிஜமாகவே கொடுங்கள்

நாணய மேஜிக்கில் நாலைந்து வருடம் ஊறியவர்களுக்கு ஒரு வியாதி வரும். நான்கு காசுகளை மேசையின் மூலைக்கு மூலை தாவவிடுவார்கள். விரல் கணுக்களின் மேல் ஒன்றை உருட்டிக்கொண்டே பேசுவார்கள். ஒற்றைக் காசை வலது கையிலிருந்து இடது கைக்கு மாற்றுவதுபோல் பாவனை காட்டி மறைக்கச் சொன்னால் மட்டும், எதிரே உட்கார்ந்திருக்கும் எட்டு வயதுப் பையன், “அங்கிள், அந்தக் கையைத் திறங்க” என்பான். அன்று ராத்திரிதான் பாலபாடம் ஞாபகத்துக்கு வரும்.

திரும்புகிறவர்கள் எங்கே போகிறார்கள்? நேராக ‘பாம்’ பக்கம், அதாவது காசை உள்ளங்கையில் மறைத்துவைக்கும் வித்தைக்கு. ஜே. பி. போபோவின் ‘மாடர்ன் காயின் மேஜிக்’ 1952-இல் வந்தது. இன்றும் இத்துறையின் அரிச்சுவடி அதுதான். அது தொடங்குவதும் காசைக் கைக்குள் மறைக்கும் வழிகளில். ஆகவே கிளாசிக் பாம், ஃபிங்கர் பாம், பிரெஞ்ச் டிராப் என்று மறுபடி மணிக்கணக்கில் பயிற்சி. தசை பழகினால் போதும், மற்றதெல்லாம் தானாக வரும் என்று சொல்லும் குருமார்களும் உண்டு. எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. அந்த எட்டு வயதுப் பையன் கண்டுபிடித்தது ஒளிந்திருந்த காசை அல்ல, காசு வாங்காத கையை.

சோதித்துப் பாருங்கள். ஒரு காசை வலது கை விரல்களால் எடுத்து, ஏமாற்றாமல், இடது உள்ளங்கையில் வையுங்கள். வாங்குகிற கை சும்மா காத்திருப்பதில்லை. கொஞ்சம் எழும்பி வந்து வாங்குகிறது. காசு பட்ட பிறகுதான் விரல்கள் மூடுகின்றன, அதுவும் தளர்வாக. கொடுத்த கைக்கு இனி வேலை இல்லை என்பதால் அது தொய்ந்து இறங்குகிறது. அடுத்து அதே காசை வலது கையிலேயே நிறுத்திக்கொண்டு கொடுப்பதுபோல் நடியுங்கள். இடது கை எலுமிச்சம்பழம் பிழிவதுபோல் இறுகிவிடும். வலது கட்டைவிரல் விறைத்து நிற்கும், முழங்கை விலாவோடு ஒட்டிக்கொள்ளும். காசு எங்கே இருக்கிறது என்று சொல்ல இதற்கு மேல் என்ன வேண்டும்? (ரகசியத்தை உடைக்கிறேன் என்று தொழில்காரர்கள் கோபிக்க வேண்டாம். பேராசிரியர் ஹாஃப்மன் 1876-லேயே ‘மாடர்ன் மேஜிக்’கில் இவற்றை அச்சேற்றிவிட்டார்.)

இதற்கு ஆய்வகச் சான்றும் இருக்கிறது. 2011-இல் ‘பிளோஸ் ஒன்’ இதழில் வந்த ஓர் ஆய்வில், மேஜிக் கலைஞர்களையும் மற்றவர்களையும் ஒரு பொருளை நிஜமாக எடுக்கச் சொன்னார்கள். பிறகு பக்கத்து வெற்றிடத்தில் எடுப்பதுபோல் நடிக்கச் சொன்னார்கள். மற்றவர்களின் விரல்கள் பொய்யைக் காட்டிக்கொடுத்தன. கலைஞர்களின் கையோ நிஜத்தில் எப்படி விரிந்ததோ அப்படியே விரிந்தது. ஆனால் அந்தப் பொருளைக் கண்ணில் படாமல் எடுத்துவிட்டால் அவர்களும் நம்மைப் போலத்தான். பொய்யைச் சொல்லவும் அவர்களுக்கு நிஜம் பக்கத்தில் இருக்க வேண்டியிருந்தது. மேஜிக் கலைஞர் டாய் வெர்னான் 98 வயது வரை வாழ்ந்து, வாழ்நாளெல்லாம் இயல்பு, இயல்பு என்று வலியுறுத்தியது இதைத்தான் என்று நினைக்கிறேன்.

என் கவலை இங்கேதான் ஆரம்பம். அந்த நிஜம் இப்போது யாரிடம் இருக்கிறது? ‘நாணயங்களின் ராஜா’ என்று பெயரெடுத்த டி. நெல்சன் டவுன்ஸ், அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் ரயில்வே தந்திக்காரராக இருந்தவர். காற்றிலிருந்து காசுகளைப் பறித்துப் பறித்துத் தொப்பியில் போடுவார். பார்த்தவர்களும் தினமும் வெள்ளிக் காசு புழங்கியவர்கள். அதன் கனமும் ஓசையும் அவர்கள் கைக்கும் காதுக்கும் பழக்கம். நம் ஊரில் டீக்கடையிலேயே க்யூ.ஆர். அட்டை தொங்குகிறது. பதினைந்து வயதுப் பிள்ளைக்கு மொய்க் கவரில் ஒட்டி வரும் ஒரு ரூபாய்தான் நாணயத்தோடு உள்ள நெருக்கமான உறவு. மீதிச் சில்லறையை உள்ளங்கை குவித்து வாங்கிப் பழகாதவன், வாங்குவதுபோல் எப்படி நடிப்பான்? பார்க்கிறவரிடம் ஒரு காசு கடன் கேட்டால், பையைத் தடவிவிட்டு ஃபோனை நீட்டுகிறார். கேமரா முன்னால் பழகலாமே என்பார்கள். கேமரா ஒரே கோணத்தில் பார்க்கும். தவறினால் அழித்துவிட்டு மறுபடி எடுக்கவும் விடும். ஆனால் கை நீட்டிக் காசு வாங்காது.

காசும் சுருங்கிவிட்டது. போபோவின் வாசகர்கள் பழகிய அரை டாலர் 30.6 மி.மீ. அகலம். பிரிட்டிஷ் கால வெள்ளி ரூபாய் கிட்டத்தட்ட அதே அளவு, எடை 11.66 கிராம். 1975-இல் வந்த ஒரு ரூபாய்கூட 28 மி.மீ. இருந்தது. 2019 வரிசையில் வந்த ஒரு ரூபாய் 20 மி.மீ.தான், அதுவும் வழுக்கும் எஃகு. பெரியவர் உள்ளங்கையில் அது கிளாசிக் பாமில் நிற்காது. கை சரியில்லை என்று நொந்துகொண்டு விட்டவர்கள் எத்தனை பேரோ! சிலர் அரை டாலரையே வரவழைத்துக்கொள்கிறார்கள். மதுரையில் அதை எடுத்து நீட்டினால், “இது என்ன காசு?” என்று புரட்டிப் பார்க்க ஆரம்பித்துவிடுவார்கள். வித்தை போன இடம் தெரியாது.

மறுபடி தொடங்குகிறவர்களுக்கு நான் சொல்வது: கொஞ்ச நாள் ஃபோனை உள்ளே வைத்துவிட்டு, பஸ்ஸிலும் காய்கறிக் கடையிலும் காசாகக் கொடுங்கள், காசாக வாங்குங்கள். நடத்துநரின் கட்டைவிரல் சில்லறையைத் தள்ளிவிடும் விதத்தைக் கவனியுங்கள். கையில் நிற்க ஏற்றது 27 மி.மீ. உள்ள பத்து ரூபாய் நாணயம். அது செல்லாது என்ற புரளி தமிழ்நாட்டில் பரவி, செல்லும் என்று 2018-இல் அதிகாரபூர்வமாக விளக்கம் வந்த பிறகும் வாங்க மறுத்த கடைகள் உண்டு. அதனால் யாராவது அதை உங்களிடம் தள்ளிவிடப் பார்த்தால், சந்தோஷமாக வாங்கிக்கொள்ளுங்கள். வாங்கும்போது உங்கள் இடது கை என்ன செய்கிறது என்று மட்டும் பார்த்துவையுங்கள்.