நடுக்குரலின் கச்சேரி

வயோலாவைத் தூரத்திலிருந்து பார்ப்பவர்கள் வயலின் என்றே நினைப்பார்கள். உடல் நீளம் சுமார் 40 செ.மீ.; வயலினைவிட ஐந்து செ.மீ.தான் அதிகம். ஆனால் சுருதி வயலினுக்கு ஒரு பஞ்சமம் கீழே. அந்தத் தாழ்ந்த சுருதியில் வயலினைப்போலக் கணீரென்று ஒலிக்க வேண்டுமானால், உடல் ஒன்றரை மடங்கு, ஏறக்குறைய 53 செ.மீ. இருக்க வேண்டும். அதைத் தோளில் வைத்தால் கை எட்டாது. அதனால் பெட்டியைச் சின்னதாகவே விட்டுவிட்டார்கள். வயோலாவின் கம்மிய குரல் அப்படி வந்ததுதான். எனக்கு அந்தக் கம்மலே பிடிக்கும்.

வாத்தியக் குழுவில் அதன் வேலை, மேலே வயலின்களுக்கும் கீழே செல்லோவுக்கும் நடுவே சுரங்களை நிரப்புவது. இருக்கும்போது கவனிக்க மாட்டோம். எடுத்துவிட்டால் இசை வெறிச்சென்று ஆகிவிடும்.

அப்படிப்பட்ட வாத்தியத்தை முன்னால் நிறுத்தி, ஜி மேஜரில் ஒரு கான்செர்ட்டோ எழுதினார் ஜெர்மானிய இசையமைப்பாளரான டெலமான். ஒற்றை வாத்தியமும் குழுவும் பேசிக்கொள்ளும் வடிவம் அது. காலம் 1716-க்கும் 1721-க்கும் இடையே என்று கணிக்கிறார்கள். அப்போது அவர் ஃபிராங்க்ஃபர்ட்டில் இருந்தார். வயோலாவுக்கென்று எழுதப்பட்டு நமக்குக் கிடைத்திருக்கும் கான்செர்ட்டோக்களில் மிகப் பழையவற்றுள் இதுவும் ஒன்று. பக்கத்தில் தந்தி வாத்தியங்களும் ஹார்ப்சிகார்டும் மட்டுமே. கம்மிய குரலை அமுக்கிவிட எக்காளம் எதுவும் இல்லை.

அதே காலத்து இத்தாலிய இசையமைப்பாளரான விவால்டி தம் கான்செர்ட்டோக்களில் வழக்கமாக மூன்று பகுதிகள் எழுதுவார். டெலமானின் இந்தக் கான்செர்ட்டோவில் நான்கு: மெது, வேகம், மறுபடி மெது, வேகம். முதல் பகுதியான லார்கோவில் வயோலாவுக்கு நீள நீளமான சுரங்கள். தடித்த தந்தி சட்டென்று பேசாது; வில்லை அழுத்தி, நிதானமாக இழுக்க வேண்டும். அந்த நிதானத்துக்கு இங்கே இடம் இருக்கிறது. அந்தக் கால வழக்கப்படி, எழுதியிருக்கும் சுரங்களைச் சுற்றி வாசிப்பவர் தாமே அலங்காரம் சேர்க்கலாம். சிலர் சேர்க்காமல் அப்படியே வாசிக்கிறார்கள். நான் அவர்கள் கட்சி.

இரண்டாவதான அல்லெக்ரோவைத் தொடையில் தாளம் போட்டுக்கொண்டே கேளுங்கள். கை கீழே விழுவதற்குள் அடுத்த சுரம் முந்திக்கொண்டு வந்திருக்கும். தொடக்கத்தில் வரும் அந்தத் தள்ளல்தான் பகுதி முழுவதையும் நடத்திச் செல்கிறது.

மூன்றாவது ஆண்டான்டே, இ மைனரில். வயோலா பெரும்பாலும் மேல் ஸ்தாயியிலேயே பாடுகிறது. வயலினுக்கு அது சொந்த வீடு. வயோலா சற்று எட்டித்தான் அங்கே போக வேண்டும். அந்த எட்டல் குரலில் ஏக்கமாகக் கேட்கிறது. அது அடங்கியதும் பிரெஸ்டோ, ஒரே உற்சாக ஓட்டமாக ஓடி முடிகிறது.