சரக்குப் பழுதும் கணித நியாயமும்

ஸ்ரீவில்லிபுத்தூரில் பால்கோவா கிண்டுவோர் ஒரு கரண்டி எடுத்துச் சுவைத்து, சட்டி முழுவதன் பக்குவத்தையும் அறிந்துகொள்வர். இடைவிடாது கிளறப்படும் பண்டமாதலின், ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்னும் பழமொழி அங்கே செல்லும். அண்மையிலுள்ள இராஜபாளையம் வட்டாரத்துச் சத்திரப்பட்டியில் விசைத்தறிகளில் நெய்யப்படும் பேண்டேஜ் துணிக்கோ அது செல்லாது. ஒரு சுருளில் இழை அறுந்திருக்கும்; அடுத்த சுருள் குற்றமற்றிருக்கும். எல்லாவற்றையும் விரித்துப் பார்ப்பின், மீண்டும் சுருட்டும் கூலியே இலாபத்தை விழுங்கிவிடும். ஆகவே, சிலவற்றைக் கண்டு பலவற்றைப்பற்றித் தீர்ப்புக் கூறவேண்டியதாகிறது. நேமன், ஈகான் பியர்சன் என்னும் இருவர் 1933-இல் வெளியிட்ட கட்டுரை இதற்கு உறுதியான அடிப்படை வகுத்தது.

நூற்றுக்கு ஐந்துக்குமேல் பழுதில்லை என்று நெய்தவர் சொல்வதாகக் கொள்வோம். அக்கூற்றை மெய்யென்றே முதலில் ஏற்றுக்கொள்ளல் வேண்டும். பிறகு, மேலே கிடப்பனவற்றை மட்டும் எடாது, குலுக்கலில் விழுந்தாற்போல 50 சுருள்களை எடுத்துப் பார்க்கிறோம். ஐந்து பழுதுபட்டுள்ளன. பத்துக்கு ஒன்று பழுதென்று சினந்து, சரக்கு முழுவதையும் திருப்பியனுப்புவார் அவசரக்காரர். அது நியாயமன்று. கூற்று மெய்யாயினும், ஐந்தோ அதற்கு மேலோ அகப்படுவது நூறு சோதனைகளில் ஏறக்குறைய பத்தில் நேரும். ஆறோ அதற்கு மேலோ அகப்படுவது நான்கிற்கும் குறைவு. நூற்றுக்கு ஐந்து என்னும் வழக்கமான எல்லையைக் கொண்டால், ஐந்து கண்டால் ஏற்கலாம். ஆறு கண்டால் தள்ளலாம். ஒரு சுருளில் தீர்ப்பு மாறுவது விந்தையே. ஆயினும் எங்கேனும் கோடு கிழித்தாக வேண்டுமன்றோ?

பலரும் மறப்பது மறுபக்கத்தை. மெய்யாகவே நூற்றுக்குப் பத்துப் பழுதுள்ள சரக்கை இதே விதியால் சோதித்தால், நூறு முறையில் சுமார் 62 முறை அது தப்பிவிடும்! நெய்தவரின் கூலியைக் காத்த விதி, காயத்தில் இழை ஒட்டி வருந்தும் நோயாளியைக் கைவிடுகிறது. பழுது மெய்ப்பிக்கப்படவில்லை என்பது வேறு, பழுதில்லை என்பது வேறு. கோட்டைக் கீழே இறக்கினால் நோயாளி பிழைப்பார், நெய்தவர் கெடுவார். இருவரையும் ஒருங்கே காக்கும் வழி, பார்க்கும் சுருள்களைப் பெருக்குவதே. 200 சுருள்களைப் பார்த்து, 16 பழுது கண்டால் தள்ளுவதென வைப்பின், நெய்தவருக்குப் பிழை நேர்வது நூற்றுக்கு ஐந்துக்குள் நிற்கும். கெட்ட சரக்குத் தப்புவதும் ஏழில் ஒரு பங்காகக் குறையும்.

ஆனால் சோதனைக் கூலி நான்கு மடங்காகும். அதை யார் தருவது என்று கணிதம் சொல்லாது. சரக்குப் புறப்படுமுன்னரே வாங்குவோரும் விற்போரும் பேசி எழுதிக்கொள்ள வேண்டியது அது.