உயிரணுவின் சோதனைச் சாவடியும் ஒரு மாத்திரையும்

சேலத்திலிருந்து ஏற்காட்டுக்குச் செல்லும் வாகனங்கள் அடிவாரச் சோதனைச் சாவடியைக் கடந்த பின்னரே 20 கொண்டை ஊசி வளைவுகளில் ஏறுகின்றன. நம் உயிரணு இரண்டாகப் பிரியும் வழியிலும் அத்தகைய சாவடிகள் உண்டு. மார்பகப் புற்றுநோய்க்காகப் பால்போசிக்லிப், ரைபோசிக்லிப் போன்ற மாத்திரைகளை உட்கொள்வோரும் அவர்தம் குடும்பத்தாரும் இச்சாவடிகளைப் பற்றி அறிந்திருத்தல் நலம்.

சாவடிகளைத் திறப்பவை சிடிகே எனப்படும் நொதிகள். இவை சைக்ளின் என்னும் புரதத்தோடு இணைந்தே செயற்படும். அதற்கு மேலும் இவற்றை ஆள்வது பாஸ்பேட் என்னும் சிறு வேதிக்கூறு. நொதியின் ஓரிடத்தில் அது ஒட்டினால் நொதி முழு ஆற்றல் பெறும். வேறோரிடத்தில் ஒட்டினால் அடங்கும். மரபுப்பொருள் பழுதுற்றிருந்தால், அடக்கும் பாஸ்பேட் நீங்காமல் உயிரணுவைக் காத்திருக்கச் செய்யும். உயிரணுச் சுழற்சியை ஆளும் இந்நொதிகளையும் சைக்ளினையும் கண்டறிந்தமைக்காக லேலண்ட் ஹார்ட்வெல், டிம் ஹன்ட், பால் நர்ஸ் ஆகியோர் 2001ஆம் ஆண்டு நோபல் பரிசு பெற்றனர்.

இந்நொதிகளுள் சிடிகே 4, சிடிகே 6 ஆகிய இரண்டும் ஆர்பி என்னும் தடுப்புப் புரதத்தின்மீது பாஸ்பேட்டை ஏற்றுகின்றன. உடனே தடை தளர்ந்து, உயிரணு பிரியத் தொடங்குகிறது. ஹார்மோனால் வளரும் மார்பகப் புற்றில் இச்செயல் ஓயாது நடைபெறுகிறது. மேற்கூறிய மாத்திரைகள் அவ்விரு நொதிகளையும் முடக்குவதால் தடை நீடிக்கிறது. புற்றணு பெருகாமல் நிற்கிறது. நிறுத்தி வைப்பதே மருந்தின் முதன்மைப் பணி ஆதலால், ஹார்மோன் சிகிச்சையுடன் இதனை நெடுநாள் தொடர வேண்டியுள்ளது.

எலும்பு மஜ்ஜையில் வெள்ளணுக்கள் பெருகுவதற்கும் இதே நொதிகள் தேவை. எனவே வெள்ளணுக்கள் குறைவது எதிர்பார்க்கத்தக்கதே. மஜ்ஜை அழிவதில்லை, அதன் வேலை தற்காலிகமாக நிற்கிறது, அவ்வளவே. 21 நாள் மருந்துக்குப் பின் 7 நாள் இடைவெளி தரப்படுவது வெள்ளணுக்கள் மீள்வதற்காகவே. அவை போதிய அளவு மீண்டனவா என்பதை இரத்தப் பரிசோதனையே காட்டும். ஆகவே மலையிலிருந்து இறங்கி வருவது சிரமமாயினும் குறித்த நாளில் பரிசோதனைக்கு வருக. ஒரு வேளை மாத்திரை விடுபட்டால், மறுமுறை இரண்டாகச் சேர்த்து உட்கொள்ள வேண்டாம்.

வெள்ளணுக்கள் குறைந்திருக்கையில் தோன்றும் காய்ச்சலைச் சாதாரணமாகக் கருதலாகாது. உடல் வெப்பம் 100.4 டிகிரி பாரன்ஹீட்டை எட்டினால், நள்ளிரவாயினும் விடியற்காலைப் பேருந்துக்குக் காத்திராமல் உடனே மருத்துவமனையைத் தொலைபேசியில் அழையுங்கள். நீங்களாகவே காய்ச்சல் மாத்திரை உட்கொண்டு வெப்பத்தைத் தணித்துவிட்டால், நோய்த்தொற்றின் அறிகுறி மறைந்துவிடக்கூடும். வீட்டில் ஒரு வெப்பமானி இருக்கட்டும். அதனைப் பார்க்கத் தெரிந்தவர் ஒருவர் உடனிருக்கட்டும்.