மூக்குக் கண்ணாடியா, தொடுவில்லையா?

தறியிலும் வயலிலும் உழைப்போர்க்குக் கையும் காலுமே மூலதனம் என்று கூறுவது வழக்கம். கண்ணும் அம்மூலதனத்தைச் சேர்ந்ததே என்பதை நாம் பெரும்பாலும் நினைப்பதில்லை. பம்புசெட் நின்றுவிட்டால் அன்றே ஆளை அழைத்துப் பிரித்துப் பார்க்கிறோம். தறியில் ஒரு பாகம் தேய்ந்தால் உடனே மாற்றுகிறோம். கண் மங்கினால் மட்டும், “வயதாகிவிட்டது” என்று சொல்லி ஆண்டுக்கணக்கில் பொறுத்துக்கொள்கிறோம்.

ஸ்ரீபெரும்புதூர் – ஒரகடம் வட்டாரத்தில் இவ்விஷயம் இன்று இரட்டை உருவம் கொண்டுள்ளது. 1998இல் இருங்காட்டுக்கோட்டையிலும், 2010இல் ஒரகடத்திலும் பெரிய கார்த் தொழிற்சாலைகள் உற்பத்தியைத் தொடங்கின. அவற்றைச் சுற்றி உதிரிப்பாகத் தொழில்களும் மின்னணுத் தொழில்களும் பெருகின. சுற்றுப்புற ஊர்களில், தந்தை குழித்தறியில் அமர்ந்திருக்க, மகள் கம்பெனிப் பேருந்தில் ஷிப்டு வேலைக்குச் செல்லும் குடும்பங்கள் உண்டு. தந்தைக்குக் கண்ணாடி அணியவே மனமில்லை. மகளோ கண்ணாடியைக் கழற்றிவிட்டு, காண்டாக்ட் லென்ஸ் எனப்படும் தொடுவில்லையை அணிய விரும்புகிறாள். இவ்விருவருக்கும் ஒரே விடை பொருந்தாது. கண் என்ன வேலை செய்கிறது, எவ்விடத்தில், எத்தனை மணி நேரம் செய்கிறது என்பதைக் கொண்டே தேர்வு அமையவேண்டும்.

வெள்ளெழுத்தும் வருமானமும்

நாற்பது வயதை ஒட்டிக் கண்ணின் உள்ளேயிருக்கும் வில்லை நெகிழ்ச்சி குன்றி, அண்மையில் உள்ள பொருள் தெளிவின்றித் தோன்றுகிறது. இதையே வெள்ளெழுத்து என்கிறோம். சாளேசுவரம் என்றும் வழங்குவதுண்டு. இது நோயன்று. யாவருக்கும் வருவது. ஆயினும் அறுந்த பாவிழையைத் தேடி எடுத்துக் கட்டும் நெசவாளிக்கும், இலையின் அடியில் பூச்சியைத் தேடும் விவசாயிக்கும் இதனால் நேரும் நஷ்டம் சிறிதன்று. நெசவில் பிழை விழுந்தால் கூலி குறைகிறது. பூச்சியைக் காணத் தாமதித்தால் விளைச்சல் குறைகிறது.

இந்நஷ்டத்தை அளந்து பார்த்தவர்களும் உண்டு. அஸ்ஸாமில் 40 வயதும் அதற்கு மேலும் ஆன 751 தேயிலைத் தோட்டத் தொழிலாளரைக் கொண்டு ஓர் ஆய்வு நடந்தது; அதன் முடிவு 2018இல் வெளியாயிற்று. ஒரு பகுதியினருக்கு உடனே கண்ணாடி வழங்கப்பட்டது. மற்றவர்களுக்கு ஆய்வின் இறுதியில் வழங்கப்பட்டது. கண்ணாடி பெற்றோர் பறித்த கொழுந்தின் எடை, பெறாதோரைக் காட்டிலும் ஏறத்தாழ 22 விழுக்காடு கூடுதலாக உயர்ந்தது. வங்காள தேசத்துக் கிராமங்களில் நடந்து 2024இல் வெளியான மற்றோர் ஆய்வில், படிப்புக் கண்ணாடி பெற்றவர்களின் வருமானம் மூன்றில் ஒரு பங்கு கூடியது. சில நூறு ரூபாயில் கிடைக்கும் ஒரு கருவி இத்துணைப் பயன் தருமெனின், அதை வாங்கத் தயங்குவது சிக்கனமாகுமா?

கண்ணாடி வாங்குவோர் ஒன்றை மறவாதிருத்தல் வேண்டும். புத்தகம் படிக்கும் தூரம் வேறு. தறியில் துணி இருக்கும் தூரம் வேறு. படிப்பதற்கென அளவெடுத்த கண்ணாடி தறியில் உதவாமற் போகலாம். எனவே, வழக்கமாக அமரும் நிலையில் கண்ணுக்கும் துணிக்கும் இடையேயுள்ள தூரத்தை ஒரு நாடாவினால் அளந்து, அதைக் கண் பரிசோதகரிடம் கூறவேண்டும். அவ்வளவுக்கேற்ற கண்ணாடியே தொழிலுக்கு உதவும்.

தொடுவில்லையின் இயல்பு

தொடுவில்லை புதியதொன்றன்று. கண்ணாடியினாலான தொடுவில்லை 1880களிலேயே ஐரோப்பாவில் செய்யப்பட்டது. நீரை உறிஞ்சும் மென்மையான வில்லையை, 1961இல் செக்கோஸ்லோவாக்கிய விஞ்ஞானி ஓட்டோ விக்டர்லே, பிள்ளைகள் விளையாடும் உலோகத் துண்டுகளால் வீட்டிலேயே ஒரு பொறியமைத்து வார்த்தெடுத்தார். இன்று பெரும்பாலோர் அணிவது இம்மென்மையான வகையையே.

இதன் நன்மைகளை மறைத்தல் நியாயமன்று. பக்கப் பார்வை தடைப்படுவதில்லை, வியர்வையில் நழுவுவதில்லை, முகமூடி அணிந்தால் கண்ணாடியைப் போல ஆவி படிவதில்லை, தலைக்கவசத்திற்கும் இடைஞ்சலில்லை. இரு கண்களின் பவரும் மிகவும் வேறுபட்டவர்க்கும், கருவிழிப் படலம் கூம்பு போல் முன்தள்ளும் நோயுடையோர்க்கும் கண்ணாடி தராத தெளிவைத் தொடுவில்லை தருவதுண்டு. அத்தகையோர்க்கு இது அலங்காரமன்று, மருத்துவம்.

ஆனால், வில்லை கருவிழியின் மேலேயே படிந்திருப்பது. கையின் அழுக்கும் நீரிலுள்ள கிருமியும் அதன் வழியே கண்ணைச் சேரும். குழாய் நீர், கிணற்று நீர், குளத்து நீர் ஆகியவற்றில் வாழும் அகாந்தமீபா என்னும் நுண்ணுயிர், வில்லை அணிவோரின் கருவிழியில் கொடிய புண்ணை உண்டாக்கவல்லது. வில்லையைக் கழற்றாமல் உறங்கினால் கருவிழியில் கிருமி தொற்றும் அபாயம் 6 முதல் 8 மடங்கு பெருகுகிறது. இரவு ஷிப்டு முடிந்து திரும்பும் பேருந்திலேயே கண்ணயர்வோர் இதனைச் சிந்திக்கவேண்டும்.

தொழிலுக்கேற்ற தேர்வு

வயலில் வேலை செய்வோர்க்கு மூக்குக் கண்ணாடியே உகந்தது. மதுரையில் கருவிழிப் புண்ணோடு வந்த நோயாளிகளைப் பற்றி 1997இல் வெளியான ஆய்வொன்று, அவர்களில் ஏறத்தாழ மூன்றில் இருவர்க்கு முன்னரே கண்ணில் காயம் பட்டிருந்தது என்றும், அது பெரும்பாலும் விவசாய வேலையில் நேர்ந்ததென்றும் கூறுகிறது. நெற்றாளும் தூசியும் சேறும் உள்ள இடத்தில், சேற்றுக் கையோடு வில்லையைத் தொடுவது ஆபத்தை வலிய அழைப்பதாகும். தறியில் அமர்வோர்க்கும், குறிப்பாக நாற்பதைக் கடந்தவர்க்கும், தொழிலுக்கு அளவெடுத்த கண்ணாடியே எளிது, மலிவு.

தொழிற்சாலை செல்லும் இளைஞர் தொடுவில்லையை விரும்பினால், வேண்டாமென்று தள்ளிவிட வேண்டியதில்லை. குளிர்சாதன அறையின் வறண்ட காற்றில் கண் உலரக்கூடும். இருசக்கர வாகனத்தில் செல்கையில் தூசி உறுத்தும். இவற்றை அறிந்து, கண் மருத்துவரிடம் அளவெடுத்துக்கொண்டு அணிவதில் தவறில்லை. பற்றவைப்பு, சாணை, ரசாயனம் ஆகிய பிரிவுகளில் தொடுவில்லையும் சாதாரண மூக்குக் கண்ணாடியும் பாதுகாப்புக் கண்ணாடிக்கு ஈடாகா என்பதை இருசாராரும் நினைவிற்கொள்ளவேண்டும்.

செலவையும் கணக்கிடுதல் நன்று. கண்ணாடிக்கு ஒரு முறை செலவு செய்தால் பவர் மாறும்வரை உழைக்கும். தொடுவில்லைக்கு வில்லை, கழுவும் திரவம், பெட்டி என்று மாதந்தோறும் செலவு தொடரும். 2025 செப்டம்பர் 22 முதல் இரண்டுக்கும் சரக்கு-சேவை வரி 5 விழுக்காடாகக் குறைந்துள்ளது. எனினும் இந்த வேறுபாடு நீங்கிவிடவில்லை. மேலும், தொடுவில்லை அணிபவர் ஒரு கண்ணாடியையும் வைத்திருந்தே ஆகவேண்டும்; கண் சிவக்கும் நாளில் அதுவே துணை.

தொடுவில்லை அணிவோர் கவனத்திற்கு

சோப்பினால் கை கழுவி, நன்கு துடைத்த பின்னரே வில்லையைத் தொடவேண்டும். எந்த நீரிலும், எச்சிலிலும் அதைக் கழுவலாகாது. பெட்டியிலுள்ள பழைய திரவத்தின் மேல் புதியதை ஊற்றாமல், ஒவ்வொரு முறையும் முழுவதும் மாற்றவேண்டும். பெட்டியை மூன்று மாதத்திற்கு ஒரு முறை மாற்றுக. குளிக்கும்போதும் உறங்கும்போதும் வில்லை கண்ணில் இருத்தல் கூடாது. பிறருடைய வில்லையை அணிவது அறவே ஆகாது. சிவப்பு, வலி, வெளிச்சம் கண்டால் கூச்சம், மங்கல் ஆகியவற்றுள் ஒன்று தோன்றினும் உடனே கழற்றிவிட்டு, அன்றே கண் மருத்துவரை அடைக. கடையில் தாமாகவே சொட்டு மருந்து வாங்கி இடுவது பார்வையையே இழக்கச் செய்யலாம்.

சங்கம் செய்யக்கூடியது

தனி மனிதர் தள்ளிப்போடுவதைச் சங்கம் முன்னின்று செய்யலாம். 1976இல் தொடங்கிய தேசியப் பார்வையிழப்புத் தடுப்புத் திட்டத்தில், பள்ளிப் பிள்ளைகளுக்கும், அண்மைப் பார்வை குன்றிய முதியோர்க்கும் இலவசக் கண்ணாடி வழங்க வகையுண்டு. நிர்வாகக் குழுவினர் மாவட்டச் சுகாதார அதிகாரிகளுக்கு எழுதி, சங்கக் கட்டடத்திலேயே ஆண்டுக்கு ஒரு முறை கண் பரிசோதனை முகாம் நடத்தலாம். முகாமுக்கு முன்னதாக, அங்கத்தினர் ஒவ்வொருவரின் தறித் தூரத்தையும் அளந்து பட்டியலிட்டு வைத்தால் மருத்துவருக்குப் பேருதவியாகும். மேற்சிகிச்சை தேவைப்படுவோர்க்கு, 1819 முதல் இயங்கிவரும் சென்னை எழும்பூர் அரசு கண் மருத்துவமனை எட்டும் தூரத்திலேயே இருக்கிறது.

நூலையும் விதையையும் கூட்டாக வாங்கிப் பயன் கண்ட நமக்கு, இம்முயற்சி கடினமானதன்று. அடுத்த நிர்வாகக் குழுக் கூட்டத்தின் பொருட்பட்டியலில் கண் பரிசோதனையையும் ஒன்றாகச் சேர்ப்பார்களாக.