முதல் இசைத்தொகுப்பும் பெயர்ப்பதிவும்: சுயாதீனத் தமிழ்க் கலைஞர் அறிமுகம் பெறுமாறு

முன்னுரை

திரைப்படத்தின் துணையோ ஒலிப்பதிவு நிறுவனத்தின் முதலீடோ இன்றித் தம் பாடல்களைத் தாமே ஆக்கி வெளியிடுவோரைச் சுயாதீனக் கலைஞர் என்பர். மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் இத்தகையோர் தொடர்ந்து தோன்றிய வண்ணம் உள்ளனர். இவர்தம் முதல் இசைத்தொகுப்பு மக்களை எவ்வாறு சென்றடைகிறது என்னும் வினாவை விளம்பரச் செலவு, வானொலி வாய்ப்பு ஆகியவற்றோடு தொடர்புபடுத்தி நோக்குவதே வழக்கம். இக்கட்டுரை அவ்வினாவை மொழி சார்ந்து அணுகுகிறது. ஒரு பாடல் வெளியாகுமுன் அதன் தலைப்பும், பாடியோர் பெயரும், இயற்றியோர் பெயரும் எவ்வாறு எழுதப்படுகின்றன என்பதைப் பொறுத்தே அப்பாடல் தேடுவோர் கைக்கு எட்டுவதும், அதற்குரிய ஊதியம் உரியவரைச் சேர்வதும் இன்று பெரிதும் அமைகின்றன. எழுத்துப்பெயர்ப்பு, ஒற்று, பெயர்மரபு முதலியவை தமிழாசிரியர்க்கு நன்கு பழகியவை. அவை இசை வணிகத்தின் நடுவில் வந்து நிற்பதை நம்மில் பலர் இன்னும் கவனித்திலர்.

இரண்டு ‘வல்லவன்’கள்

மலேசியத் தமிழ்ச் சொல்லிசை வரலாற்றில் 2006-ஆம் ஆண்டு குறிப்பிடத்தக்கது. 1998-இல் பொயட்டிக் அம்மோ குழுவின் முதல் தொகுப்பின் வழி அறிமுகமான யோகி பி, டாக்டர் பர்ன், எம்சி ஜேஸ் ஆகியோருடன் இணைந்து ‘யோகி பி & நட்சத்ரா’ என்னும் பெயரில் ‘வல்லவன்’ எனும் முழுத் தமிழ்த் தொகுப்பை அவ்வாண்டில் வெளியிட்டார். அதில் இடம்பெற்ற ‘மடை திறந்து’, இளையராஜா ‘நிழல்கள்’ (1980) படத்திற்கு அமைத்த பாடலை அடியொற்றியது. தமிழகத்திலும் அது பரவலாகக் கேட்கப்பட்டது. யோகி பி பின்னர்த் தமிழ்த் திரைப்பாடல்களில் பங்கேற்றதையும் யாவரும் அறிவர்.

ஈண்டு நோக்கத்தக்க செய்தி வேறொன்று. அதே 2006-ஆம் ஆண்டில் சிலம்பரசன் இயக்கி நடித்த ‘வல்லவன்’ திரைப்படமும் யுவன் சங்கர் ராஜாவின் இசையில் வெளிவந்தது. ஆக, ஒரே ஆண்டில் ஒரே பெயரில் இரு தமிழ் இசைத்தொகுப்புகள். ‘மடை திறந்து’ என்னும் தலைப்போ முன்னரே புகழ்பெற்ற ஒரு திரைப்பாடலுக்குரியது. அக்காலத்தில் இதனால் பெருங்கேடு விளைந்ததாகக் கூற இயலாது. கடைக்குச் சென்றவர் அட்டைப்படத்தைக் கண்டு குறுந்தட்டை எடுத்தார். வானொலி அறிவிப்பாளர் குழுவின் பெயரைச் சொல்லிப் பாடலை ஒலியேற்றினார். தொலைக்காட்சியில் காணொளி முகங்களைக் காட்டியது. பெயர் மயக்கத்தைத் தீர்க்க இடையில் மனிதர் இருந்தனர்.

இன்று அவ்விடத்தில் தேடுபெட்டி உள்ளது. அதற்குத் தெரிவது எழுத்து மட்டுமே. ஒரே எழுத்துக்கோவையில் இரண்டு இருப்பின் மிகுதியாகக் கேட்கப்பட்டதே பெரும்பாலும் முன்னிற்கும். யோகி பி அப்போதே அறியப்பட்டவர். முதன்முறையாகப் பாட வரும் ஒருவர் தம் தொகுப்புக்கு ஒரு திரைப்படத்தின் பெயரைச் சூட்டுவாராயின், எத்துணை விளம்பரம் செய்யினும் அவ்விளம்பரத்தைக் கண்டு தேடுவோர் அத்திரைப்படத்தையே சென்றடைவர். எனவே தலைப்பை உறுதி செய்யுமுன் அதனைத் தேடிப் பார்ப்பது கலைஞரின் முதற்பணியாகிறது. தமிழ்த் திரைப்படத் தலைப்புகள் ஆயிரக்கணக்கில் பெருகிவிட்ட நிலையில் ஒற்றைச் சொல் தலைப்பு பெரும்பாலும் முன்பே எடுக்கப்பட்டிருக்கும். இரு சொல் அல்லது முச்சொல் தொடர்களே இன்று பாதுகாப்பானவை.

ழகரமும் நெடிலும்

ஒரு பாடலைப் பற்றிய பெயர், மொழி, ஆண்டு, உரிமையாளர் முதலிய விவரங்களின் தொகுதியை மீத்தரவு என்பர். இணைய இசைத்தளங்களில் தமிழ்ப் பாடல்களின் தலைப்புகள் பெரும்பாலும் உரோமன் எழுத்திலேயே பதிவாகின்றன. சிக்கல் இங்குதான் தொடங்குகிறது. உரோமன் எழுத்தில் லகர, ளகர, ழகரங்களும் ரகர, றகரங்களும் நகர, னகர, ணகரங்களும் தம் வேறுபாட்டை இழக்கின்றன. குறிலும் நெடிலும் எழுதுவோர் விருப்பத்திற்கேற்ப மயங்குகின்றன. மலையும் மாலையும் ஒன்றாகின்றன. வலை, வாலை, வாளை ஆகிய மூன்றும் ஒரே எழுத்துகளுக்குள் அடங்கிவிடக் கூடும்.

சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதி கையாண்ட புள்ளியும் கோடும் இட்ட எழுத்துப்பெயர்ப்பு ஆய்வாளர்க்கு நிறைவளிப்பது. ஆனால் கைப்பேசியில் பாடல் தேடும் இளைஞர் எவரும் அவ்வாறு தட்டச்சு செய்வதில்லை. அவர் செவியால் எழுதுகிறார். அச்செவியும் நாட்டுக்கு நாடு வேறுபடுகிறது. தமிழகத்தார் ழகரத்தை ‘இசட் எச்’ என்னும் ஈரெழுத்தால் குறிக்க, மலேசியப் பிறப்புப் பத்திரங்களிலும் அடையாள அட்டைகளிலும் அது பெரும்பாலும் ‘எல்’ எழுத்தாகவே நிற்கக் காண்கிறோம். எழில், யாழினி, தமிழ்ச்செல்வி ஆகிய பெயர்களைத் தம் வகுப்புப் பதிவேட்டில் கண்ட ஆசிரியர் இதனை உணர்வர். கிள்ளானில் ஒருவர் ‘எல்’ இட்டு எழுதிய ‘எழில்’ என்னும் தலைப்பை மதுரையிலிருந்து தேடுபவர் ‘இசட் எச்’ இட்டே தேடுவார்.

இதற்கு முழுத் தீர்வு இல்லை. எனினும் சில நடைமுறைகள் பயன் தருவன. ஏதேனும் ஒரே எழுத்துக்கோவையைத் தேர்ந்து அட்டைப்படம், இசைத்தளம், காணொளி, சுவரொட்டி, செய்தியறிக்கை ஆகிய அனைத்திலும் மாறாது பயன்படுத்துதல் வேண்டும். காணொளித் தலைப்பிலும் விளக்கத்திலும் தமிழ் எழுத்து வடிவத்தைச் சேர்த்தல் வேண்டும். பாடல்வரிகளையும் தமிழ் எழுத்திலேயே பதிதல் நலம். ஸ்பாட்டிஃபை தளத்தில் தோன்றும் வரிகளை மியூசிக்ஸ்மேட்ச் நிறுவனம் வழங்கி வருகிறது. அதில் கலைஞர் தம் வரிகளைத் தாமே ஏற்றலாம்.

ஒற்றுமிகுதலும் இங்குத் தலைகாட்டுகிறது. ‘கனவுப் பாதை’ என ஓரிடத்திலும் ‘கனவு பாதை’ என மற்றோரிடத்திலும் எழுதினால் கணினிக்கு அவை இரு வேறு தலைப்புகளாகவும் தோன்றலாம். வலிமிகும் இடத்தை வலியுறுத்தும் ஆசிரியர் பழமைவாதி என எள்ளப்படும் காலத்தில், அவர் வலியுறுத்தும் ஒழுங்குக்கு வணிகப் பயனும் உண்டு என்பது ஓரளவு மகிழ்வளிக்கும் செய்தியே.

தந்தை பெயரும் குடும்பப் பெயரும்

பாடலாசிரியர், இசையமைப்பாளர் பெயர்களைப் பதியும்போது பல விநியோக நிறுவனங்கள் முதற்பெயர், குடும்பப்பெயர் என இரு கட்டங்களை நிரப்பக் கோருகின்றன. தமிழர்க்குக் குடும்பப்பெயர் மரபு பெரும்பாலும் இல்லை. மலேசிய அடையாள அட்டையிலோ மகன், மகள் எனப் பொருள்படும் மலாய்ச் சுருக்கங்களான ‘ஏ/எல்’, ‘ஏ/பி’ ஆகியவை இடையில் நின்று தந்தை பெயரை இணைக்கின்றன. முருகனின் மகள் கவிதா என்பவர் ஒரு பாடலில் ‘கவிதா முருகன்’ எனவும், அடுத்த பாடலில் ‘மு. கவிதா’ எனவும், மூன்றாவதில் புனைபெயராலும் பதிவாகிறார் எனக் கொள்வோம். தரவுத்தளத்தில் அவர் மூவராகிறார். அவர்க்குரிய தொகையும் அவ்வாறே சிதறும்; உரியவர் அடையாளம் காணப்படாத பகுதி அவரை அடையாமலே தேங்கும்.

மலேசியாவில் 1989-இல் தோன்றிய எம்ஏசிபி அமைப்பும் சிங்கப்பூரில் 1987-இல் தோன்றிய காம்பஸ் அமைப்பும் இசையமைப்பாளர், பாடலாசிரியர் ஆகியோர்க்காக உரிமத்தொகை திரட்டுகின்றன. உறுப்பினராவோர்க்கு ஐபிஐ எனப்படும் பன்னாட்டு எண் கிடைக்கிறது. பெயர் எவ்வாறு எழுதப்பட்டாலும் எண் மாறாது. இதுபோல் ஒவ்வோர் ஒலிப்பதிவுக்கும் ஐஎஸ்ஆர்சி என்னும் 12 குறிகள் கொண்ட எண் உண்டு. ஒரே பாடலின் மறுகலவைக்கு வேறு எண் வேண்டும். விநியோக நிறுவனத்தை மாற்றினாலோ பழைய எண்ணையே தொடர்தல் வேண்டும். இல்லையேல் அதுவரை சேர்ந்த கேட்புக் கணக்கு புதிய பதிவோடு இணையாது போகும்.

புதியவர் பலர் மயங்கும் இடம் ஒன்று உண்டு. இணைய விநியோக நிறுவனம் அனுப்புவது ஒலிப்பதிவுக்குரிய பணம். வானொலியிலும் மேடையிலும் பாடல் ஒலிப்பதற்காக இயற்றியோர்க்குரிய தொகை வேறு வழியில், மேற்கூறிய அமைப்புகளின் வாயிலாக வருவது. முன்னதைப் பெற்றதும் பின்னதும் அதனுள் அடக்கம் என எண்ணி உறுப்பினராகாமலே இருந்துவிடுவோர் உளர்.

வெளியீட்டு நாளுக்கு முன்

ஸ்பாட்டிஃபை 2013 ஏப்ரலில் மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் அறிமுகமானது. அதன் பாடல் தொகுப்பாசிரியர்களுக்குப் புதிய பாடலைப் பரிந்துரைக்க, வெளியீட்டு நாளுக்குக் குறைந்தது 7 நாள் முன்னரே படிவத்தை நிறைவு செய்தல் வேண்டும். ஒரு நேரத்தில் ஒரு பாடலையே பரிந்துரைக்க இயலும். பத்துப் பாடல்களையும் ஒரே நாளில் வெளியிடும் கலைஞர் ஒன்பது வாய்ப்புகளை இழக்கிறார் என்பது இதனால் பெறப்படும். மூன்று நான்கு பாடல்களைச் சில வார இடைவெளியில் தனித்தனியே வெளியிட்டு, பின்னர் அவற்றையும் உள்ளடக்கிய முழுத்தொகுப்பைத் தருவது இக்காரணம் பற்றியே வழக்காயிற்று. மேலும், 2024 முதல் அத்தளத்தில் முந்திய 12 மாதங்களில் 1000 முறையேனும் கேட்கப்படாத பதிவுக்கு ஊதியம் கணக்கிடப்படுவதில்லை. தொகுப்பின் எட்டாம் பாடல் எவ்வளவு சிறந்ததாயினும் அதனைத் தனியே அறிமுகம் செய்யாவிடில் இவ்வெல்லையைத் தாண்டுவது அரிது.

பரிந்துரைப் படிவத்தில் 500 குறியீடுகளுக்குள் ஒரு விளக்கக் குறிப்பு எழுத இடமுண்டு. அதில் ‘இது ஒரு வித்தியாசமான பாடல்’ என எழுதுவதால் விளையும் பயன் யாதுமில்லை. பாடலின் களம், மொழிநடை, இசைக்கருவி, பாடுவோர் பின்னணி ஆகியவற்றைச் சுருங்கச் சொல்லுதல் வேண்டும். தோட்டப்புறப் பேச்சுவழக்கு கலந்த பாடலாயின் அதனைக் குறிப்பிடுவதே அப்பாடலைப் பிறவற்றிலிருந்து பிரித்துக் காட்டும்.

வானொலியும் வெளியீட்டு விழாவும்

மின்னல் எஃப்எம், ராகா, சிங்கப்பூரின் ஒலி 968 ஆகியவை இன்றும் உள்ளூர்க் கலைஞரைப் பெருந்திரளான கேட்போரிடம் கொண்டு செல்வன. நிலையத்திற்கு அனுப்பும் உறையிலோ மின்னஞ்சலிலோ சுருக்கப்படாத ஒலிக்கோப்பு, தமிழ் எழுத்தில் பிழையற்ற பாடல்வரித்தாள், பாடியோர் இயற்றியோர் பட்டியல், கலைஞர் அறிமுகம் ஆகியன இருத்தல் வேண்டும். அரசு வானொலியில் வரிகள் மதிப்பீட்டுக்கு உட்படுவதால் வரித்தாள் பிழையுடன் இருப்பின் பொருளே திரிபடையக் கூடும். ‘இறுதிக் கலவை 3’ என்னும் பெயருடன் அனுப்பப்படும் கோப்பை அறிவிப்பாளர் எவ்வாறு அறிவிப்பார்?

வெளியீட்டு விழா பற்றியும் ஒன்று கூறுதல் தகும். நூல் வெளியீட்டில் போலவே இசை வெளியீட்டிலும் பிரமுகர் ஒருவர் முதற்பிரதியைப் பெற்று உறையில் அன்பளிப்பு வழங்கும் மரபு நம்மிடையே உண்டு. ஒலிப்பதிவுச் செலவில் ஒரு பகுதியை மீட்க இது உதவுகிறது. சமூகத்தின் நல்லெண்ணத்திற்கும் சான்றாகிறது. ஆயின் குறுந்தட்டுடன் வீடு திரும்பும் பலரிடம் அதனைச் சுழற்றக் கருவி இல்லை. விழாவுக்கு வந்த இருநூறு பேரும் அன்றிரவே பாடலைக் கேட்க இயலும் வண்ணம் அழைப்பிதழிலும் தட்டின் உறையிலும் விரைவுக்குறியை அச்சிடுவது எளிது. செய்வோர் சிலரே.

பாடலாசிரியர் எங்கே?

முதல் தொகுப்பின் பாடல்வரிகளை எழுதுபவர் பெரும்பாலும் நண்பர், பள்ளித் தோழர் அல்லது முன்னாள் ஆசிரியர். பணம் பற்றிய பேச்சே எழுவதில்லை. பாடல் புகழ்பெற்ற பின்னரே யார் எவ்வளவு எழுதினார் என்னும் வினா எழுகிறது. அப்போது நட்பும் முறிகிறது. ஒலிப்பதிவு நாளன்றே வரி, மெட்டு ஆகியவற்றில் எவரெவர்க்கு எத்தனை விழுக்காடு என ஒரு தாளில் எழுதி, கூட்டுத்தொகை 100 ஆவதை உறுதி செய்து, அனைவரும் கையெழுத்திடுவது இதனைத் தவிர்க்கும். பழைய பாடலின் ஒலித்துணுக்கைச் சேர்ப்பதாயின் பாடலை இயற்றியோர் உரிமை, ஒலிப்பதிவின் உரிமை என இரு அனுமதிகள் தேவை என்பதையும் அத்தாளிலேயே குறித்தல் நலம்.

மலேசியாவின் 1987-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம், இயற்றியவரைக் குறிப்பிடாது அவர் படைப்பை முன்வைப்பதைத் தடுக்கும் உரிமையை அவர்க்கு வழங்குகிறது. சிங்கப்பூரின் 2021-ஆம் ஆண்டுச் சட்டம் படைப்பாளரும் நிகழ்த்துநரும் தம் பெயரால் அடையாளம் காணப்படும் உரிமையைச் சேர்த்துள்ளது. ஆயினும் படிவத்தில் பாடலாசிரியர் கட்டத்தில் பாடகர் தம் பெயரையே இட்டு மேற்செல்வது இன்றும் நிகழ்கிறது. தீய நோக்கம் இல்லை. நள்ளிரவில் படிவத்தை முடிக்கும் அவசரம். அதன் விளைவு, மலேசியத் தமிழ்ப் பாடல் வரலாற்றை எழுதப் புகும் ஆய்வாளர்க்கு ஒரு கவிஞர் கிட்டாமற் போவது.

முந்திய தலைமுறைக் குறுந்தட்டுகளின் நிலையும் இதனோடு தொடர்புடையது. அவற்றின் உறைத்தாள்களில் பாடலாசிரியர் பெயர் தமிழில் அச்சிடப்பட்டிருக்கும். அத்தாள்கள் உருவான 1990-களில் தமிழ் எழுத்துருக்கள் வெவ்வேறு குறியேற்றங்களில் இயங்கின. ஒருங்குறியின் முதற்பதிப்பிலேயே, 1991-இல், தமிழ் இடம்பெற்றிருந்தும் அச்சகங்கள் அதற்கு மாற நெடுங்காலம் பிடித்தது. அக்கோப்புகளை இன்று திறந்தால் பெரும்பாலும் பொருளற்ற உரோமன் எழுத்துகளே தோன்றும். எனவே தாளில் உள்ள பெயர் இசைத்தளத்துக்கு ஏறவில்லை. தளத்தில் பாடகர் பெயருடன் பாடல் மட்டும் ஒலிக்கிறது. அத்தகைய தட்டுகள் நம் வீட்டு அலமாரிகளிலும் பள்ளி நூலகங்களிலும் இன்னும் கிடக்கின்றன. ஒரு பாடவேளையில் ஒரு மாணவர் ஓர் உறைத்தாளை ஒருங்குறியில் தட்டச்சு செய்து முடித்துவிடலாம்.