இடுப்பு வலியும் முதுகெலும்பைக் கையால் அழுத்திச் செய்யும் சிகிச்சையும்

குனிந்து நிமிர்ந்து உழைப்போருக்கு இடுப்பு வலி புதியதன்று. தாழ்வான பட்டையில் பால்வெட்டக் குனிவதும், பால் நிறைந்த வாளிகளை மேட்டிலும் பள்ளத்திலும் சுமப்பதும் இடுப்புக்குப் பெருஞ்சுமையாகும். 2020ஆம் ஆண்டில் உலகெங்கும் 61 கோடியே 90 இலட்சம் மக்கள் இவ்வலியால் துன்புற்றனர் என உலகச் சுகாதார நிறுவனம் கணக்கிட்டுள்ளது. வலி கண்டு படுத்துவிட்டால் உடல் மட்டுமன்றிக் குடும்ப வருவாயும் தளர்கிறது. எனவே, எந்தச் சிகிச்சை எவ்வளவு பயன் தரும் என்பதை நாம் அறிந்திருத்தல் நலம்.

சிகிச்சையின் தோற்றம்

சுளுக்கு வழிப்பதும் எண்ணெய் தேய்த்து நீவுவதும் நாம் நன்கறிந்த வழக்கங்கள். இன்று பட்டணங்களில் ‘கைரோபிராக்டிக்’ என்னும் பெயர்ப் பலகைகளையும் காண்கிறோம். இதனை 1895ஆம் ஆண்டில் அமெரிக்காவின் டேவன்போர்ட் நகரில் தொடங்கியவர் டேனியல் டேவிட் பாமர் என்பவராவார். பெரும்பாலான நோய்களுக்கு முதுகெலும்பின் பிசகே காரணம் என அவர் கருதினார். அக்கருத்தை இன்றைய மருத்துவ அறிவியல் ஏற்கவில்லை. ஆயினும், முதுகெலும்பு மூட்டுகளைக் கையால் அசைப்பது இடுப்பு வலியைத் தணிக்குமா என்பது தனியே ஆராயப்பட்டுள்ளது.

‘மடக்’கென்னும் ஒலி

சிகிச்சையாளர் நம்மை ஒருக்களித்துப் படுக்கவைத்து, இடுப்புப் பகுதியை விரைவாக ஒருமுறை அழுத்துவார். அப்போது ‘மடக்’கென்று ஓர் ஒலி எழலாம். விலகிய எலும்பு மீண்டும் பொருந்தியதன் அடையாளம் அது எனப் பலர் நம்புகின்றனர். உண்மை அதுவன்று. மூட்டினுள் இருக்கும் நீர்மத்தில் வளிக்குமிழி தோன்றுவதால் எழும் ஒலியே அது. விரலில் நெட்டி முறிக்கும்போது கேட்பதும் அதுவே.

பயன் எவ்வளவு?

2004ஆம் ஆண்டில் பிரிட்டனில் 1,334 பேரைக் கொண்டு நடந்த ஆய்வு, இச்சிகிச்சையால் ஓரளவு நன்மை உண்டு எனக் காட்டியது. புதிதாய்த் தோன்றிய வலி பற்றிய 26 ஆய்வுகள் 2017ஆம் ஆண்டில் ஒருங்கே சீர்தூக்கப்பட்டன. ஆறு வாரங்களுக்குள், வலியானது 100 புள்ளி அளவில் ஏறத்தாழ 10 புள்ளியே குறைந்தது. நாட்பட்ட வலி பற்றிய 47 ஆய்வுகளைத் தொகுத்த 2019ஆம் ஆண்டு மதிப்பீடோ, உடற்பயிற்சி போன்ற பிற நல்ல சிகிச்சைகளுக்கு இது ஏறத்தாழ ஒத்த பயனையே தருகிறது என்றது.

ஆகவே, இது பயனற்றதுமன்று, அதிசய மருந்துமன்று. புதிதாய் வந்த இடுப்பு வலி பெரும்பாலும் சில வாரங்களில் தானே தணிந்துவிடும். நடமாட்டத்தை விடாதிருத்தலும், படுக்கையிலேயே கிடவாதிருத்தலும் செலவில்லாத மருந்துகள்.

எப்போது கூடாது?

இடுப்பை அழுத்தியபின் ஓரிரு நாள் சிறு வலியும் விறைப்பும் தோன்றுவதுண்டு. இதற்கு அஞ்ச வேண்டியதில்லை. ஆனால், கீழ்க்காணும் குறிகளில் ஒன்று இருப்பினும் யாரும் முதுகை அழுத்த இடங்கொடாது மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்:

1. சிறுநீர் கழிக்க இயலாமை, அல்லது சிறுநீரோ மலமோ அடக்க இயலாமை.
2. தொடையிடுக்கிலும் ஆசனவாயைச் சுற்றியும் மரத்துப் போதல்.
3. கால் வலுவிழத்தல்.
4. காய்ச்சல், காரணமின்றி உடல் மெலிதல், அல்லது முன்னர்ப் புற்றுநோய் கண்டிருத்தல்.
5. விழுந்து அடிபட்டபின் வந்த வலி; எலும்பு தேய்ந்த முதியோர்க்கு வந்த வலி.

முதலிரண்டு குறிகளும் நரம்புகள் நசுங்குவதைக் காட்டக்கூடும். ஒரு நாள் தாமதமும் நிலையான ஊனத்தில் முடியலாம்.

யாரிடம் செல்வது?

மலேசியாவில் 2016ஆம் ஆண்டின் பாரம்பரிய, துணை மருத்துவச் சட்டத்தின்கீழ் கைரோபிராக்டிக் ஏற்கப்பட்ட துறைகளுள் ஒன்றாகும். சிகிச்சையாளர் அச்சட்டப்படி பதிவு பெற்றவரா என்று கேட்பது நமது உரிமை. கேட்கக் கூச்சப்பட வேண்டியதில்லை. முதல் நாளிலேயே பல மாதச் சிகிச்சைக்கு முன்பணம் கேட்டால் உடனே இசையாதீர். சில முறை சென்றும் குணம் தெரியாவிடில் மருத்துவரை நாடுவதே அறிவுடைமை.

கையால் செய்யும் சிகிச்சை வலியைச் சற்றுத் தணிக்கலாம். இடுப்பை வலுவாக்குவது பயிற்சியும் சரியாகச் சுமை தூக்கும் பழக்கமுமே. முழங்காலை மடக்கி, வாளியை உடலோடு அணைத்துத் தூக்குவோம். ஒரே பக்கம் சுமவாது இரு கைகளிலும் சமமாகப் பகிர்ந்து சுமப்போம். உழைக்கும் உடலே நமது முதல். அதனை அறிந்து காப்போமாக.